முழங்காலுக்குக் கீழே ஒரு கோடு

மூன்று பெட்டிகளோடு வந்து இறங்கிய நாத்தனாரிடம், "எத்தனை நாளைக்கு?" என்று கேட்கும் தைரியம் பிரமிளாவுக்கு இன்னும் வரவில்லை.

காமினி ஈப்போவிலிருந்து வந்து ஒரு வாரம் ஓடிவிட்டது. ஐந்து மாதக் கர்ப்பம். கல்யாணமாகி ஆறு வருடம் காத்திருந்து தங்கிய பிள்ளை. "சும்மா அப்பாவப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணி" என்றாள். சும்மா பார்க்க வருகிறவள் சொந்தத் தலையணையையும் இட்லிச் சட்டியையும் தூக்கிக்கொண்டா வருவாள்? புருஷன் கார்த்திகேசு போன் செய்தால் எழுந்து தனியாகப் போய்ப் பேசினாள். திரும்பி வரும்போது மூக்கு சிவந்திருக்கும். பிரமிளா ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், 'எப்போது கிளம்புவாய்' என்று கேட்டதாகிவிடுமே!

அந்தத் திங்கள்கிழமை காலையிலும் கேட்கவில்லை. பாலர் பள்ளிக்குப் பாடம் நடத்தக் கிளம்பும் அவசரம். மாமனார் சுப்பையா சமையலறைக் கதவுச் சட்டத்தில் முதுகை அழுத்திக்கொண்டு நின்றிருந்தார்.

"பசியாற என்னம்மா இருக்கு?"

"மேசையில ரொட்டி இருக்கு மாமா. சாம்பாரும் இருக்கு."

வீட்டில் மேல்சட்டையே போடாத மனிதர் அன்று முழுக்கைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தார். பினாங்கு வெயிலில் இது என்ன கோலம் என்று பிரமிளா நினைத்தாள். நினைத்து முடிப்பதற்குள் அறையிலிருந்து குரல் வந்தது.

"அண்ணி! இங்க கொஞ்சம் வாங்களேன்!"

காமினி கட்டில் ஓரத்தில் கைலியைச் சற்றே தூக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். இரண்டு கால்களிலும் சிவப்புச் சிவப்பாகக் கொப்புளங்கள். சிலவற்றின் நுனியில் சீழ் கோத்திருந்தது.

"ராத்திரியே அரிச்சுது. கொசுன்னு நினைச்சுப் படுத்துட்டேன்."

பிரமிளாவின் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் போன வாரத்திலிருந்து வரவில்லை. இரண்டு பேருக்கும் சின்னம்மை. அதை வீட்டில் சாப்பிடும்போது சொன்னவளும் அவள்தான்.

காமினிக்கும் அது ஞாபகம் வந்துவிட்டது என்பது அவள் கண்ணில் தெரிந்தது.

"அண்ணி, உங்க கிளாஸ் பிள்ளைங்களுக்கு அம்மை போட்டிருக்குன்னு சொன்னீங்கல்ல?"

"ஆமா."

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க அண்ணி."

கோபமாகச் சொல்லவில்லை. கெஞ்சுவது போலத்தான் சொன்னாள், ஒரு கையை வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு. பிரமிளா இரண்டு அடி பின்னால் நகர்ந்தாள். யாராவது அறைந்திருந்தால்கூட அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

பள்ளிக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டு, ஜெலுத்தோங்கில் இருந்த பிரசவ கிளினிக்கிற்குப் போன் போட்டாள். "அவங்களுக்குச் சின்ன வயசுல அம்மை போட்டிருக்கா? கேட்டுச் சொல்லுங்க" என்றார் நர்ஸ். பிரமிளா மாமனாரைப் பார்த்தாள். சுப்பையா சுவரில் மாட்டியிருந்த மனைவி நல்லம்மாளின் படத்தைப் பார்த்தார். அந்த அம்மாள் போய் நான்கு வருடம் ஆகிறது.

"அதெல்லாம் உங்க அத்தைக்குத்தான் தெரியும்மா. நான் அப்போ பிறை பேக்டரியில நைட் ஷிப்டு. பிள்ளைங்க தூங்குறப்ப வருவேன், தூங்குறப்ப போவேன்."

சொல்லிவிட்டுப் படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டார்.

பிறைத் தொழிற்சாலையில் வேலையிலிருந்த கணவன் சிவநேசன், பிரமிளா சொன்னதைப் போனில் முழுக்கக்கூடக் கேட்கவில்லை. "நான் மாப்பிள்ளைக்குச் சொல்லிடறேன்" என்றான்.

"டாக்டர் பாக்கட்டுங்க. அப்புறம் சொல்லலாம்."

"அவர் பொண்டாட்டிக்கு ஒண்ணுன்னா அவருக்குச் சொல்லாம இருக்கிறதா? நல்லா இருக்கு உன் கதை."

வைத்துவிட்டான். தங்கச்சி விஷயத்தில் அவன் எப்போதும் அப்படித்தான். முதலில் ஓடுவான், பிறகுதான் எந்தப் பக்கம் என்று பார்ப்பான்.

கிளினிக்கில் உள்ளே விடவில்லை. கூடம் முழுக்கக் கர்ப்பிணிகள் இருக்கிறார்கள், அம்மையாக இருந்தால் அவர்களுக்கும் ஆபத்து, டாக்டர் கூப்பிடும்வரை பின்பக்கம் காரை நிறுத்திக் காடியிலேயே இருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். குற்றவாளிகள் போலப் பின் சந்தில் காடியை நிறுத்திக்கொண்டு இருவரும் காத்திருந்தார்கள். காமினி பின் இருக்கையில், ஜன்னலோரமாக ஒண்டிக்கொண்டு இருந்தாள். ஏர்கண்டிஷன் ஓடிக்கொண்டிருந்தும் பிரமிளாவுக்கு வியர்த்தது.

"அண்ணி."

"சொல்லு."

"பிள்ளைக்கு ஏதாச்சும் ஆயிடுமா?"

"ஒண்ணும் ஆகாது" என்றாள் பிரமிளா. எந்த ஆதாரமும் இல்லாமல் சொன்னாள். சொன்னது தனக்கே கேட்காத அளவுக்கு மெல்லிய குரலில்.

காமினி குனிந்து காலைச் சொறியப் போனாள். "சொறியாதே!" என்று திரும்பிய பிரமிளாவின் கண், தூக்கிய கைலிக்குக் கீழே நிலைத்தது.

"கைலிய இன்னும் கொஞ்சம் மேல தூக்கு."

"எதுக்கு?"

"தூக்குலா."

காமினி தூக்கினாள். பிரமிளா இருக்கையில் முட்டிபோட்டுத் திரும்பிக்கொண்டு உற்றுப் பார்த்தாள். கணுக்காலில் இருந்தது. கெண்டைக்காலில் இருந்தது. முழங்காலுக்கு நாலு விரல் கீழே, யாரோ கோடு போட்டு நிறுத்தியது போல நின்றுவிட்டது. அதற்கு மேலே ஒரு புள்ளி இல்லை. இரண்டு காலிலும் ஒரே உயரம்.

"கையக் காட்டு."

இடது மணிக்கட்டில் ஐந்தாறு. வலது கை சுத்தமாக இருந்தது.

எந்த அம்மை இப்படி அளவெடுத்துக்கொண்டு வரும்?

"காமினி, நம்ம தொட்டியில கால விட்டு உக்காந்தியா?"

"சனிக்கிழம காலையில உக்காந்தேன். கால் வீங்கியிருந்துச்சு. சூட்டக் குறைச்சுட்டு, கால் மட்டும் விடலாம்னு நீங்கதானே அண்ணி சொன்னீங்க?"

அந்தத் தொட்டியைப் பற்றி இங்கே நாலு வரி சொல்லவேண்டும். பினாங்குப் பாலத்தில் மோட்டார்சைக்கிளோடு விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்ட சிவநேசனுக்கு, வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார்ந்தால் நல்லது என்று சிகிச்சை கொடுத்தவர்கள் சொன்னார்கள். தஞ்சோங் பூங்காவில் வீட்டைக் காலி செய்துகொண்டு போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து, குமிழிவிடும் சுடுநீர்த் தொட்டி ஒன்று இவர்கள் வீட்டுப் பின்கட்டுக்கு வந்து சேர்ந்தது. "வெளிய நின்னாலே வெந்துபோற ஊர்ல வெந்நித் தொட்டி வேற! நான் அதுல காலு வைக்க மாட்டேன்" என்று சுப்பையா அன்றே சபதம் போட்டார்.

தொட்டித் தண்ணீரைக் காப்பது பிரமிளாவின் வேலையானது. எப்போதும் சூடாகவே நிற்கும் தண்ணீர். கொஞ்சம் அசந்தாலும் கிருமி குடியேறிவிடும். காகிதப் பட்டையை நனைத்துப் பார்ப்பாள். கிருமி கொல்லும் மருந்து போதுமான அளவு இருந்தால் ஊதாவாக மாறும், குறைந்தால் வெளுத்துப் போகும். அமிலமும் காரமும் சமமாக இருக்கிறதா என்று பார்க்கத் தனிக் கட்டம். குறைவதைப் போடுவாள், வடிகட்டியைக் கழற்றி அலசுவாள். ஆனால் சில வாரங்களாகவே அந்தத் தண்ணீர் அவள் பேச்சைக் கேட்கவில்லை. வெள்ளிக்கிழமை ஊதாவாக இருந்த பட்டை, ஞாயிற்றுக்கிழமை வெளுத்துக் கிடக்கும். சிவநேசனோ ஓவர்டைமில் தொட்டிப் பக்கமே வருவதில்லை. பின்னே மருந்தை யார் குடிக்கிறார்கள்? பட்டைதான் பழசாகிவிட்டது என்று புதுசு வாங்கினாள். அதுவும் வெளுத்தது.

மருந்து டப்பாவின் மேல் அச்சடித்திருந்தது இப்போது கண்ணெதிரே வந்தது: சரியாகப் பராமரிக்காத நீர் தோலில் கொப்புளங்களை உண்டாக்கும்.

அப்படியானால் இது தொட்டியின் வேலை. தொட்டியின் வேலை என்றால் தன்னுடைய வேலை. சிவநேசன் என்ன சொல்வான், மாப்பிள்ளை வீட்டில் என்ன பேசுவார்கள் என்பதெல்லாம் ஒரு நொடியில் ஓடியது. ஆனாலும் பிரமிளா கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர்மலை முருகன் கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள். 'முருகா, என் தப்பாவே இருக்கட்டும். அம்மையா மட்டும் இருக்க வேணாம்.'

தன்மேல் பழி வரவேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டது அதுதான் முதல் தடவை.

பின்கதவு திறந்தது. டாக்டர் ஃபஸீலா முகக்கவசத்தோடு எட்டிப் பார்த்துக் கையசைத்தார். உள்ளே போன வேகத்திலேயே பிரமிளா எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். வகுப்பில் இருக்கும் அம்மை, வீட்டில் இருக்கும் தொட்டி, வெளுத்த பட்டை, முழங்காலுக்குக் கீழே நின்ற கோடு.

டாக்டர் காமினியின் முதுகைப் பார்த்தார். வயிற்றைப் பார்த்தார். தலைமுடியைப் பிரித்துப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார். கடைசியாகத்தான் காலுக்கு வந்தார்.

"அம்மைன்னா மொதல்ல நெஞ்சு, முதுகுலதான் காட்டும். அங்க ஒண்ணுகூட இல்ல. காய்ச்சலும் இல்ல. இது அம்மை இல்லம்மா. சுடுதண்ணித் தொட்டியில வளர்ற கிருமி, ரோமக் கால்ல புகுந்திருக்கு. தண்ணி பட்ட இடத்துல மட்டும்தான் வரும்."

"பிள்ளைக்கு?" என்று இருவரும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"பிள்ளைகிட்டயே கேட்டுருவோம், வாங்க."

கருவியை வயிற்றில் வைத்து இப்படியும் அப்படியும் நகர்த்தினார். கரகரவென்ற ஓசை. பிறகு திடீரென்று டக் டக் டக் டக்கென்று, வேலைக்கு நேரமாகிவிட்டவன் நடை போல, பிள்ளையின் இதயம் அடிப்பது அறை முழுக்கக் கேட்டது.

காமினி அழுதாள். பிரமிளா அவளைவிட அதிகமாக அழுதாள். மூக்கைத் துடைக்க டாக்டர் கொடுத்த காகிதத்தை இரண்டு பேரும் ஆளுக்குப் பாதியாகக் கிழித்துக்கொண்டார்கள்.

"பூச மருந்து தரேன், ஒரு வாரம் பத்து நாள்ல அடங்கிடும். காய்ச்சல் அடிச்சா உடனே வரணும். அம்மை பிள்ளைங்களோட பழகின வீடுங்கறதால ரத்தமும் எடுத்து அனுப்பிடறேன், ஒரு நிம்மதிக்கு" என்ற டாக்டர் பிரமிளாவிடம் திரும்பினார். "தொட்டியைக் காலி பண்ணித் தேச்சுக் கழுவுங்க. இவங்க பிள்ள பெறுற வரைக்கும் அந்தப் பக்கமே வேணாம். தொட்டி விஷயத்த நீங்களே சொன்னது நல்லதாப் போச்சு. இல்லாட்டி நான் அம்மைக்கான ஊசிக்கு அலைஞ்சிருப்பேன்."

திரும்பி வரும்போது காமினி முன் இருக்கையில் உட்கார்ந்தாள். பிரமிளாவின் தோளில் சாய்ந்துகொண்டாள்.

"சாரி அண்ணி. காலையில தள்ளி நில்லுங்கன்னு சொல்லிட்டேன்."

"விடுலா. உன் இடத்துல இருந்தா நான் வீட்ட விட்டே துரத்தியிருப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். டத்தோ கிராமாட் சாலையில் வழக்கமான ஜாம். அன்று அது பிரமிளாவுக்கு எரிச்சலூட்டவில்லை.

"ஆனா மூடி அவ்வளவு கனமா இருக்கே, நீ எப்படித் தூக்கின?"

"நான் எங்க தூக்கினேன்? திறந்துதான் இருந்துச்சு. நீங்கதான் எனக்காகத் திறந்து வச்சீங்கன்னு நினைச்சேன்."

சனிக்கிழமை காலை பிரமிளா காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாள். சிவநேசன் வேலையில். மூடி தானாகவா திறந்துகொண்டது?

வீட்டு கேட்டைப் பிடித்துக்கொண்டு சுப்பையா நின்றிருந்தார். "அம்மை இல்ல மாமா! பிள்ள நல்லா இருக்கு!" என்று பிரமிளா காடியிலிருந்தே கத்தினாள். அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து, முழுக்கைச் சட்டையின் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மருந்து பூசிக் காமினியைத் தூங்கவைத்துவிட்டு, பிரமிளா பின்கட்டுக்குப் போனாள். தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டாள். தண்ணீர் இறங்க இறங்க, உட்சுவரில் விரலால் வழிக்கிற அளவுக்குப் பிசுக்கு. வடிகட்டியைக் கழற்றினாள். மடிப்புகளுக்கு இடையில் பழுப்பாக ஏதோ அப்பியிருந்தது. முகர்ந்து பார்த்தாள்.

நல்லெண்ணெய். வெறும் நல்லெண்ணெய் இல்லை. மிளகும் சீரகமும் பூண்டும் போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய். அந்த வீட்டில் அப்படிக் காய்ச்சிக்கொள்கிறவர் ஒரே ஒருவர்.

"மாமா!"

சுப்பையா வந்தார். வடிகட்டியைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பப் பார்த்தார்.

"சட்டையக் கழட்டுங்க மாமா."

"எதுக்கும்மா, காத்து அடிக்குது."

"மாமா!"

கழற்றினார். முதுகு, மார்பு, வயிறு என்று எங்கும் அதே சிவப்புப் புள்ளிகள். கழுத்துக்குக் கீழே கோடு போட்டது போல நின்றிருந்தது. காமினி முழங்கால்வரை, இவர் கழுத்துவரை.

"தைப்பூசத்துக்கு மலையேறிட்டு வந்து மூட்டு வலி தாங்கலம்மா. ஒரு சனிக்கிழம நீ பாசாருக்குப் போற நேரம் பாத்து எண்ணெய் தேச்சுக்கிட்டு இறங்கினேன். என்ன சுகம்! அப்புறம் ஒரு சனிக்கிழமையும் விட முடியல. கால் வைக்க மாட்டேன்னு சொல்லிட்டு எப்படிம்மா உங்ககிட்ட சொல்லுவேன்?"

"உடம்பெல்லாம் எண்ணெயோடயா இறங்குனீங்க?"

"அரப்புத் தேச்சுட்டுத்தான்."

"அரப்பையுமா!"

"மருந்து போட்ட தண்ணிதானே, எல்லாத்தையும் அதுவே சுத்தம் பண்ணிக்கும்னு நினைச்சேன்."

"அந்த மருந்து முழுக்க உங்க எண்ணெயோட மல்லுக்கட்டியே தீந்துபோச்சு மாமா! கிருமியக் கொல்ல மிச்சம் எங்க இருக்கும்?"

சுப்பையா தலையைக் குனிந்துகொண்டார். "முதுகு அரிச்சப்ப எனக்கும் அம்மைன்னுதான் நினைச்சேன். என்கிட்டேருந்துதான் அவளுக்குப் போச்சுன்னு... காலையிலேருந்து உங்க அத்தை மூஞ்சியப் பாக்கவே வெக்கமா இருக்கும்மா."

காலையிலிருந்து இரண்டு பேர், ஆளுக்கு ஒரு மூலையில், 'என்னால்தான்' என்று செத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். பிரமிளாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. வடிகட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். சுப்பையா முதலில் விழித்தார், பிறகு அவரும் சிரித்தார். பிரமிளா காமினியின் மருந்திலேயே கொஞ்சம் எடுத்து அவர் முதுகில் தடவிவிட்டாள்.

"இன்னொண்ணும் சொல்லணும்மா" என்றார் அவர், முதுகைக் காட்டிக்கொண்டே. "இந்தச் சனிக்கிழம நான் எழுந்து குழாயடியில நின்னு அரப்பக் கழுவுறேன், காமினி வந்து தொட்டியில கால விட்டுட்டா. நான் கோவணத்தோட நிக்கிறேன். எப்படி வெளிய வர்றது? வாஷிங்மெஷினுக்குப் பின்னால ஒளிஞ்சிட்டேன். அவ மாப்பிள்ளைகிட்ட போன்ல பேசினது எல்லாம் காதுல விழுந்துச்சு."

காமினியின் வலது கையில் போன். இடது கை தண்ணீரில்; அதனால்தான் அந்த மணிக்கட்டில் மட்டும் கொப்புளம். பிரமிளாவின் கை முதுகிலேயே நின்றது.

"பிரசவம் ஈப்போவிலதான்னு அவ மாமியா முடிவு பண்ணிட்டாங்க போலருக்கு. தாய் இல்லாத பொண்ணுக்கு ஏது தாய் வீடுன்னு கேட்டிருக்காங்க. அதுக்கு இவ சொல்றா..." சுப்பையா தொண்டையைச் செருமினார். "'எங்க அண்ணி இருக்காங்க. எனக்கு அம்மா வீடுன்னா அதுதான். நான் அங்கதான் பெத்துக்குவேன்'னு சொல்றா."

மருந்துக் கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டதில் பிரமிளாவுக்குக் கண் எரிந்தது. மூன்று பெட்டி, தலையணை, இட்லிச் சட்டி. அந்தப் பைத்தியக்காரப் பெண் ஒரு வாரமாகக் கேட்கத் தயங்கியது இதைத்தானா? தானும் ஒரு வாரமாகக் கேட்கத் தயங்கினோமே!

"அதுக்கு அவர் என்ன சொன்னாரு?"

"அவரு சொன்னது எனக்கு எப்படிம்மா கேக்கும்? நான்தான் வாஷிங்மெஷினுக்குப் பின்னால இருக்கேனே."

வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது.

பிரமிளா மருந்துக் கையோடு முன்பக்கம் ஓடினாள். ஈப்போ நம்பர் போட்ட காடி. கார்த்திகேசு முகம் வெளிறிப்போய் இறங்கினான். சிவநேசன் காலையில் செய்த போனின் புண்ணியம். முன் இருக்கையிலிருந்து அவனுடைய அம்மா மெல்ல இறங்கி, சேலையைச் சரிசெய்துகொண்டு வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

"பயப்படாதீங்க, அம்மை இல்ல. டாக்டர் பாத்துட்டாங்க. பிள்ளையும் நல்லா இருக்கு" என்றாள் பிரமிளா முதல் வேலையாக. கார்த்திகேசு காடியின் மேல் சாய்ந்து மூச்சு விட்டான். அவன் அம்மா மட்டும் கைப்பையை விடவில்லை.

"கடவுள் காப்பாத்தினார். இப்படி எல்லாம் ஆகும்னுதான் நான் அப்பவே சொன்னேன்" என்றவர் கேட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். "பெட்டியெல்லாம் கட்டியாச்சா? வெளிச்சம் இருக்கிறப்பவே கிளம்பிடலாம்."

அறைக் கதவு லேசாகத் திறந்தது. தூக்கக் கலக்கத்தோடு காமினி நின்றிருந்தாள். அவள் மாமியாரைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்க்கவில்லை. அண்ணியைத்தான் பார்த்தாள்.

பிரமிளா சேலை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"பெட்டி எதுவும் கட்டல அத்தை. கட்டப் போறதும் இல்ல" என்றாள். "எங்க வீட்டுப் பொண்ணு இங்கதான் பிள்ள பெத்துக்கும். உள்ள வாங்க, மொதல்ல தேத்தண்ணி குடிங்க."